அய்யாவின் கையெழுத்து

எங்க அய்யா கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டது அறிவொளி இயக்கத்தில். 1990களின் தொடக்கத்தில் மதுரை மாவட்டம் முழுக்க அறிவொளி நடந்தபோது எங்க காலனிக்கும் ஒரு அரிக்கேன் விளக்கும் சிலேட்டும் வந்தன. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத மனுசன், முப்பது வயசுக்கு மேல் உட்கார்ந்து தன் பேரை எழுதப் பழகினார். அதுக்கப்புறம் எந்த ஆபீசிலும் அவர் பெருவிரலை நீட்டியதில்லை. மை டப்பாவை நகர்த்தி வைப்பார்கள். "வேணாங்க, நான் எழுதுவேன்" என்பார். எழுத்து ஒவ்வொன்றும் பூசணி விதை அளவுக்குப் பெரிசாக இருக்கும். கட்டத்தை விட்டு வெளியே போகும். அதில் அவருக்கு ஒரு கெத்து.

2016 கடைசியில் அந்த எழுத்து சிறுத்துக்கொண்டே போனது. முதல் எழுத்து பெரிசாக ஆரம்பிக்கும். கடைசி எழுத்துக்கு வரும்போது எறும்பு மாதிரி ஆகிவிடும். நூறு நாள் வேலைச் சம்பளம் எடுக்கப் போன இடத்தில், "கையெழுத்து ஒத்துவரல பெரியவரே, பேசாமக் கைநாட்டு வைங்க" என்று மை டப்பாவைத் தள்ளிவிட்டார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அய்யா சாப்பிடவில்லை. விரலில் இருந்த மையைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அதுக்கு முன்னாலேயே கை நடுங்க ஆரம்பித்திருந்தது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது வலது கையின் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டுகிற மாதிரி உரசிக்கொண்டிருக்கும். மண்வெட்டியைப் பிடித்தால் நின்றுவிடும். நடையும் குறுகியது. கை வீசி நடந்தவர் வலது கையை மடக்கி வயிற்றோடு ஒட்டிக்கொண்டு நடந்தார். முகத்தில் சிரிப்பு குறைந்தது. கோபமாக இருக்கிறார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

டீக்கடையில் ஒருநாள் கிளாஸ் தளும்பி வேட்டியில் ஊற்றிவிட்டது. ஊர்த் தெருப் பையன் ஒருத்தன், என் வயசுகூட இருக்காது, அய்யா பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, "என்னடா, காலையிலயே ஊத்திக்கிட்டியா?" என்றானாம். சுற்றி இருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். எங்கய்யா குடிக்காத ஆள் என்று நான் சொல்ல மாட்டேன். மருந்தடித்துவிட்டு வந்த ராத்திரிகளில் குடித்திருக்கிறார். ஆனால் 2010க்கு அப்புறம் அவர் தொட்டதில்லை. எங்க ஆளுக்குக் கை நடுங்கினால் அது சாராயம்தான், வேறு நோயே வராது என்று ஊரே முடிவு பண்ணி வைத்திருக்கிறது. அந்த முடிவை நாங்களும் நம்பினோம். அம்மாகூட ராத்திரி அவர் வாயை மோந்து பார்த்திருக்கிறது. இப்படியே ஒரு வருசத்துக்கு மேல் போய்விட்டது.

2017 டிசம்பரில் மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். நரம்பியல் பிரிவில் ஒரு பெண் டாக்டர். அய்யாவை வராந்தாவில் நடக்கவிட்டுப் பார்த்தார். இரண்டு விரலையும் தட்டித் தட்டிக் காட்டச் சொன்னார். மணிக்கட்டைப் பிடித்து மடக்கி நீட்டினார். பிறகு ஒரு தாளைக் கொடுத்து, "உங்க பேர எழுதுங்கய்யா" என்றார். அய்யா என்னைப் பார்த்தார். எழுதினார். எறும்பு ஊர்ந்தது. "இது பார்க்கின்சன். குடியினால வந்ததில்ல" என்றார் டாக்டர். அந்த இரண்டாவது வாக்கியத்துக்கு அய்யா கையெடுத்துக் கும்பிட்டார்.

1817இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் எழுதிவைத்த நோய் இது. சித்த மருத்துவத்தில் நடுக்குவாதம் என்கிறார்கள், ஆயுர்வேதத்தில் கம்பவாதம். மூளையின் அடியில் கறுப்பு நிறத்தில் ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. அங்கே இருக்கிற செல்கள்தான் டோபமைன் என்ற பொருளைச் சுரக்கின்றன. நினைத்தவுடன் கை கால் அசைய அது வேண்டும். அந்தச் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகின்றன. கறுப்பு அழிந்தால் உடம்பு நின்றுபோகும். டோபமைனை நேராகக் கொடுத்தால் ரத்தத்திலிருந்து மூளைக்குள் போகாது. அதனால் மூளைக்குள் போய் டோபமைனாக மாறுகிற லெவோடோபாவைக் கொடுக்கிறார்கள். அது வழியிலேயே செலவாகிவிடாமல் இருக்க கார்பிடோபா என்ற இன்னொரு மருந்தையும் சேர்த்து ஒரே மாத்திரையாக்கியிருக்கிறார்கள். இதில் நோய் குணமாகாது. அசைவு திரும்ப வரும்.

ஏன் வந்தது என்று கேட்டேன். பெரும்பாலானவர்களுக்குக் காரணம் இன்னது என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். "என்ன வேல பாத்தாரு?" என்று கேட்டார். பருத்திக்கு மருந்தடித்தார் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு எழுதிக்கொண்டார்.

எங்க பக்கம் கரிசல். சம்சாரிகள் பருத்தி போட்டார்கள். முதுகில் டேங்கை மாட்டி மருந்தடித்தது எங்க ஆட்கள். ஒரு டேங்குக்கு இவ்வளவு என்று கூலி. முகத்துக்குத் துணிகூட இருக்காது. குழாய் அடைத்துக்கொண்டால் வாயை வைத்து ஊதுவார்கள். வேலை முடிந்ததும் கை கழுவக் கிணற்றில் இறங்க முடியாது. கிணறு தீட்டாகிவிடும். யாராவது மேலே நின்று ஊற்றினால் உண்டு, இல்லையென்றால் அந்தக் கையோடுதான் கஞ்சியைக் குடிப்பார்கள். அமெரிக்காவில் மருந்து தெளிப்பவர்களிடம் நடத்திய ஓர் ஆய்வு 2011இல் வெளிவந்தது. பாராகுவாட், ரோட்டினோன் என்ற இரண்டு மருந்துகளில் ஒன்றைப் பயன்படுத்தியவர்களுக்கு இந்த நோய் வர ஏறக்குறைய இரண்டரை மடங்கு வாய்ப்பு என்று அதில் கண்டார்கள். எங்கய்யாவுக்கு அதனால்தான் வந்தது என்று நான் சொல்லவில்லை. அவர் டேங்கில் என்ன இருந்தது என்று அவருக்கே யாரும் சொன்னதில்லை. டேங்க் யார் முதுகில் இருந்தது, தண்ணீர் யார் கையில் இருந்தது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

மாத்திரை சாப்பிட ஆரம்பித்து மூன்றாவது வாரம் அய்யா கை வீசி நடந்தார். காலனியே வேடிக்கை பார்த்தது. அதுக்குப் பின்னால்தான் புத்திமதிகள் வர ஆரம்பித்தன.

ஒரு தடவை ஜலதோசத்துக்காகப் பக்கத்து டவுனில் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனோம். அந்த டாக்டர் மாத்திரைச் சீட்டைப் பார்த்தார். எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "கறியெல்லாம் விட்டுருங்க. அதுவும் நீங்க திங்கிற பெரிய கறி இருக்கே, அது இந்த நோய்க்கு விஷம். சாத்வீகமா சாப்பிடுங்க. பால், பருப்பு, நெய். உடம்பு சுத்தமானா நரம்பு சரியாகும்" என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அய்யா என்னிடம் கேட்டார்: "ஏத்தா, இத்தன வருசமா தின்னதுக்குத்தான் இந்தச் சீக்கு வந்துச்சோ?"

தோழர்களே, அந்தக் கேள்வியை நான் இன்னும் மறக்கவில்லை. அம்பேத்கர் பிறந்தநாளுக்கு மேடை போட்டு உணவு அரசியல் பேசியிருக்கிறேன். மாட்டுக்கறி எங்கள் உரிமை என்று எழுதியிருக்கிறேன். என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த என் அய்யா, தான் தின்ற சோறே தனக்குத் தண்டனையாக வந்துவிட்டது என்று நம்பினார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, மருத்துவம் தெரியாததால். அவர் கறியை விட்டார். வீட்டில் யாரும் ஆக்கக்கூடாது என்றும் சொல்லிவிட்டார். வாங்கிக் குடிக்கப் பாலும் நெய்யும் எங்கே இருக்கிறது? ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டார். நாலு மாதத்தில் ஆறு கிலோ இறங்கினார்.

அடுத்தது தம்பி. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். செல்போனில் எதையோ பார்த்துவிட்டு, மதுரை கீழமாசி வீதிப் பக்கம் ஒரு நாட்டு மருந்துக் கடையில் பூனைக்காலி விதைப் பொடி ஒரு கிலோ வாங்கி வந்தான். "இங்கிலீஷ் மாத்திரை விஷம் அய்யா, இது இயற்கை" என்றான். நான் கூட்டத்துக்காக வெளியூர் போயிருந்தேன். அய்யா மாத்திரையை நிறுத்திவிட்டுப் பொடியை மட்டும் இரண்டு வேளை ஒரு கரண்டி பாலில் கலக்கிக் குடித்திருக்கிறார். முதல் நாள் வாந்தி. மூன்றாம் நாள் படுக்கையில் புரள முடியவில்லை. அஞ்சாம் நாள் நான் வந்து பார்த்தபோது மரக்கட்டை மாதிரிக் கிடந்தார். எச்சிலை விழுங்க முடியாமல் வாயோரம் வழிந்துகொண்டிருந்தது. கண் மட்டும் என்னைப் பார்த்தது.

பெரியாஸ்பத்திரிக்கு மறுபடியும் கொண்டுபோனோம். அந்த டாக்டரம்மா அய்யாவைத் திட்டவில்லை. என்னைத்தான் திட்டினார். "படிச்ச பிள்ளதான நீ? இந்த மாத்திரையத் திடீர்னு நிறுத்தினா காய்ச்சல் ஏறி உயிரே போயிரும்னு தெரியாதா?" நான் பொடியைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அது பொய் மருந்தில்லம்மா. அதுக்குள்ளயும் இதே சாமான்தான் இருக்கு. எவ்வளவு இருக்குனுதான் தெரியாது" என்றார்.

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு போய்ப் படித்தேன். எம்.ஏ. தமிழ் படித்தவளுக்கு அது புதுப் பாடம். 1913இல் மார்க்கஸ் குக்கன்ஹைம் என்பவர் சுவிட்சர்லாந்தில் ஒரு வகை மொச்சையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்தார். தானே இரண்டரை கிராம் தின்று பார்த்து வாந்தி எடுத்தார். அய்யா முதல் நாள் எடுத்த அதே வாந்தி. 1937இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் பூனைக்காலி விதையிலிருந்து அதே பொருளைப் பிரித்துக் காட்டினார்கள். நம் மண்ணின் விதை, நம் ஊர் ஆய்வகம். ஆனால் அது எதற்கு உதவும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. 1957இல் ஸ்வீடனில் ஆர்விட் கார்ல்சன், அசைவற்றுக் கிடந்த முயல்களுக்கு டோபாவைக் கொடுத்து எழுப்பினார். 1967இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்சியாஸ் அதைச் சிறு அளவில் ஆரம்பித்து மெல்ல மெல்லக் கூட்டி, நோயாளிகளை நடக்கவைத்தார். விதையிலிருந்து வேதிப்பொருளை எடுத்ததற்கும் அது ஒரு மனுசனை நடக்கவைத்ததற்கும் நடுவில் முப்பது வருசம். கார்பிடோபா சேர்ந்த பிறகு லெவோடோபாவின் தேவை ஏறக்குறைய முக்கால் பங்கு குறைந்தது, வாந்தியும் குறைந்தது. பொடியில் கார்பிடோபா இல்லை.

பூனைக்காலியை வைத்தும் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. 2004இல் லண்டனில் எட்டுப் பேருக்கு 30 கிராம் பொடி கொடுத்துப் பார்த்தார்கள். மாத்திரையைவிடச் சீக்கிரமே வேலை செய்தது. 2018இல் வெளிவந்த இன்னொரு பதினாறு வார ஆய்வில் பதினாலு பேர் தினமும் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதில் பாதிப்பேர், ஏழு பேர், வயிற்றுத் தொந்தரவாலோ அசைவு மோசமானதாலோ நடுவிலேயே விட்டுவிட்டார்கள். மாத்திரை வாங்க வழியில்லாத ஏழை நாடுகளுக்கு இது உதவுமா என்பதுதான் அவர்கள் கேள்வி. நல்ல கேள்விதான். ஆனால் அந்தப் பொடியில் லெவோடோபா எவ்வளவு என்று அளந்து கொடுத்தார்கள். எங்கய்யா குடித்தது தம்பி கையில் கிடைத்த கரண்டி அளவு. விதைக்கு விதை, கடைக்குக் கடை அளவு மாறும். மாத்திரையோடு சேர்த்துத் தின்றால் கூடிப்போய் உடம்பு தானாக முறுக்கிக்கொண்டு ஆடும், ரத்த அழுத்தம் இறங்கும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும். மாத்திரையை விட்டுவிட்டுத் தின்றால் என்ன ஆகும் என்பதை நான் கண்ணால் பார்த்தேன்.

திருநெல்வேலி, கன்னியாகுமரி மலைகளில் இருக்கிற காணி மக்கள் இந்த விதையை உணவாகவே தின்றிருக்கிறார்கள். எப்படி? பலமுறை வேகவைத்து, ஒவ்வொரு முறையும் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு. அந்தத் தண்ணீரோடு எதைக் கொட்டுகிறோம் என்று அவர்களுக்குத் தெரியும். பெயர் தெரியாது, வேலை தெரியும். இயற்கை என்றால் அப்படியே வாயில் போடலாம் என்று காட்டில் வாழ்கிற யாரும் சொன்னதில்லை. ரோட்டினோன்கூட ஒரு செடியின் வேரில் இருந்து எடுப்பதுதான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது டாக்டரம்மா ஒரு வேலை கொடுத்தார். சாப்பிட்ட நேரம், மாத்திரை போட்ட நேரம், உடம்பு எப்படி இருந்தது என்று தினமும் எழுதிவரச் சொன்னார். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். உடம்பு எப்படி இருக்கிறது என்று அய்யாவைக் கேட்டால், "இருக்கேன்" என்பார். அதனால் ஒரு வழி பண்ணினேன். ஒவ்வொரு மாத்திரைக்கும் ஒரு மணி நேரம் கழித்து நோட்டில் கையெழுத்துப் போடச் சொன்னேன்.

இரண்டு வாரத்தில் நோட்டே பேசியது. காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு மாத்திரை போட்டு, அரை மணி கழித்துப் பழைய கஞ்சி குடித்த நாட்களில் எழுத்து பூசணி விதை. மதியம் பருப்பும் முட்டையும் தின்ற கையோடு மாத்திரை போட்ட நாட்களில் எறும்பு. அத்தை கொண்டுவந்த பாலோடு போட்ட அன்றைக்கும் எறும்பு. அம்மாவிடம் சண்டை போட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மாட்டுக்கறி ஆக்கச் சொன்னேன். "ஆஸ்பத்திரிக்கு எழுதணும், தின்னுங்கய்யா" என்றேன். அன்றைக்கும் எறும்புதான். ஆனால் பால் குடித்த அன்றைக்கு இருந்த அதே எறும்பு.

நோட்டைப் பார்த்து டாக்டரம்மா விளக்கினார். கறி, பால், பருப்பு, முட்டை எல்லாவற்றிலும் இருக்கிற புரதம் வயிற்றில் உடைந்து அமினோ அமிலமாகிறது. குடலிலிருந்து ரத்தத்துக்கும், ரத்தத்திலிருந்து மூளைக்கும் லெவோடோபா போகிற வாசலும் அவற்றில் சில போகிற வாசலும் ஒன்று. திருமங்கலம் பஸ்ஸில் ஏறுகிற மாதிரிதான். கூட்டம் முண்டினால் மாத்திரை கீழே நின்றுவிடும். அதனால் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால், இல்லையென்றால் ஒரு மணிக்கு மேல் கழித்து மாத்திரை போட வேண்டும். வெறும் வயிற்றில் குமட்டினால் புரதம் இல்லாத ஒரு வாய் எதையாவது தின்னலாம். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருந்தால் அதையும் இதோடு சேர்க்காமல் இரண்டு மணி நேரமாவது தள்ளிப் போட வேண்டும். புரதத்தை நிறுத்தவே கூடாது, உடம்பு கரைந்துபோகும். பகலில் கொஞ்சமாக்கி, ராத்திரிக்குத் தள்ளினால் போதும், அதுவும் அய்யா மாதிரி வித்தியாசம் தெரிகிறவர்களுக்குத்தான். "என்ன கறி டாக்டர்?" என்று அய்யா கேட்டார். "உங்களுக்குப் பிடிச்ச கறி" என்றார் அவர்.

வரும்போது பஸ்ஸில் அய்யாவிடம் அந்தப் பழைய கேள்விக்குப் பதில் சொன்னேன். "அந்த மாத்திரைக்குப் பசுவோட பாலும் தெரியாது, பசுவோட கறியும் தெரியாதுய்யா. ரெண்டும் அதுக்கு ஒண்ணுதான்." அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "அந்தக் கிளினிக்குக்காரனுக்குத்தான் தெரிஞ்சிருக்கு" என்றார்.

சாப்பாடு வேறு விதத்திலும் உதவுகிறது. இந்த நோயில் மலச்சிக்கல் பெரிய இம்சை. நடுக்கத்துக்குப் பல வருசம் முன்னாலேயே அது வந்துவிடும் என்கிறார்கள், அய்யாவுக்கும் வந்திருந்தது. வயிறு மெதுவானால் மாத்திரையும் மெதுவாகும். கீரை, வாழைத்தண்டு, கம்பு, கேப்பை, நிறையத் தண்ணீர். விழுங்குவது சிரமமானபோது தண்ணீர் புரையேறியது, ஆனால் கெட்டியான கூழ் இறங்கியது. அப்பத்தா காலத்துக் கம்பங்கூழ் மறுபடி எங்க அடுப்புக்கு வந்தது இப்படித்தான்.

எங்க ஊர் காந்தி நிகேதன் ஆசிரமத்தில்தான் ஜே.சி. குமரப்பா தன் கடைசிக் காலத்தில் இருந்தார். தீட்டாத அரிசியின் அருமையைப் பற்றி எழுதியவர். அவர் சொன்னது சரிதான். ஆனால் எங்க அப்பத்தா கம்பும் சோளமும் தின்றது அருமை தெரிந்து அல்ல. நெல்லுச்சோறு களத்துக்காரன் வீட்டில் இருந்தது, அவ்வளவுதான். 2023ஐ உலகச் சிறுதானிய ஆண்டு என்று அறிவித்தார்கள். இப்போது கம்பு பாக்கெட்டில் வருகிறது, இயற்கை உணவு என்று பேர் வைத்து. எங்க கூழ் இயற்கை உணவாகிவிட்டது. எங்க கறி மட்டும் இன்னும் ஆகவில்லை.

இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் யாருக்காவது இந்த நோய் இருக்கலாம். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், கூட்டாதீர்கள். பொடி வாங்கி வைத்திருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். எதைத் தின்னாதே என்று யார் சொன்னாலும், ஏன் என்று கேளுங்கள். உடம்பில் அது என்ன செய்கிறது என்று சொல்லத் தெரிந்தால் அது வைத்தியம். சொல்லத் தெரியாமல் சுத்தம், அசுத்தம் என்று ஆரம்பித்தால் அது நமக்கு ஏற்கெனவே தெரிந்த சங்கதி.

அய்யா குணமாகவில்லை. ஆகமாட்டார். மூன்று மாத்திரை அஞ்சாகிவிட்டது. ஒன்றின் வேகம் தீர்ந்து அடுத்தது ஏறுவதற்குள் சில நேரம் வாசப்படியில் கால் ஒட்டிக்கொண்டு நின்றுவிடுகிறார். தம்பி ஊருக்கு வந்தால் அவர் முன்னால் தரையில் சாக்பீஸால் கோடு போடுகிறான், கோட்டைத் தாண்டச் சொன்னால் கால் எழும்புகிறது. பொடி வாங்கி வந்ததற்கு அவன் இன்னும் வருத்தப்படுகிறான்.

நோட்டு இப்போது ஏழாவது. ஞாயிற்றுக்கிழமை கறி ராத்திரிக்குத்தான். சாயங்கால மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் ஆனதும் அய்யா நோட்டை வாங்கிக் கையெழுத்துப் போடுகிறார். எழுத்து கட்டத்துக்கு வெளியே போகிறதா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறார். அப்புறம் நோட்டை மூடிவிட்டு, "ஏத்தா, சட்டிய எறக்கச் சொல்லு" என்கிறார்.